நோய்ப்படுக்கையில் விசுவாசம் – ஒரு பாடம்

நமது சங்க மலரின் ஆசிரியர் குழுவினர் சென்ற ஆண்டு என்னிடம் கேட்டது வேறு கட்டுரை. 1979-ஆம் ஆண்டு திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி ரயில் பாதை திறக்கப்பட்ட வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். நானும் சரி என்று ஒப்புக்கொண்டேன். அதற்குள் என் உடம்பு வேறொரு பாடத்தைக் கையில் கொடுத்துவிட்டது. ரயில் பாதையைப் பற்றி எழுத என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். இதை மட்டும் தள்ளிப்போட எனக்கு நேரமில்லை. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

எனக்கு வயது 66. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து 1981-ல் தென்னக ரயில்வேயில் சேர்ந்தேன். தண்டவாளப் பராமரிப்புப் பகுதியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். வீடு கட்டியது இங்கே பேட்டையில். சென்ற மார்ச் மாதம் எனக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்றும், அது ஈரலுக்குப் பரவிவிட்டது என்றும் சொன்னார்கள். குணமாக்க முடியாது, ஆனால் கட்டுப்படுத்தப் பார்க்கலாம் என்றார் டாக்டர். எவ்வளவு காலம் என்று கேட்டேன். "மாதக் கணக்கில் யோசியுங்கள்" என்றார். மென்மையாகத்தான் சொன்னார்.

ரயில்வேயில் இருந்தவர்களுக்குக் காஷன் ஆர்டர் என்றால் தெரியும். பாதையில் ஓரிடம் பழுதாக இருந்தால், இந்தக் கிலோமீட்டரிலிருந்து இந்தக் கிலோமீட்டர் வரை இந்த வேகத்தில்தான் போக வேண்டும் என்று டிரைவர் கையில் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. வண்டி ஓடக்கூடாது என்று அதில் எழுதியிருக்காது. எப்படி ஓட வேண்டும் என்றுதான் எழுதியிருக்கும். டாக்டர் சொன்னதை நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன் என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அன்றைக்கு அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டோவில் வீட்டுக்கு வரும் வழி முழுவதும் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். காஷன் ஆர்டர் நினைப்பு வந்தது ஒரு மாதம் கழித்து.

நான் கிறிஸ்தவன். இந்த மலரைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் அப்படி அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நோய் எல்லார் வீட்டுக்கும் வருகிறது. அவரவர் வழியில் அவரவர் சாமியைப் பிடித்துக்கொண்டு அதைக் கடக்கப் பார்க்கிறோம். அந்த எண்ணத்தோடு இதைப் படியுங்கள். வேதாகமம் வீட்டில் இருப்பவர்கள் நான் குறிப்பிடும் பகுதிகளை எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது.

முதலில் 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரம். எசேக்கியா ராஜா சாகும் நிலையில் கிடக்கிறான். ஏசாயா தீர்க்கதரிசி வந்து, நீ பிழைக்க மாட்டாய், வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்து என்கிறார். ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபிக்கிறான். பதினைந்து ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கப்படுகிறது. நம் சபைகளில் இந்தப் பதினைந்து ஆண்டுகளைப் பற்றித்தான் அதிகம் பிரசங்கிப்பார்கள். அதே அதிகாரத்தில் அத்திப்பழத்தை அடையாகத் தட்டிப் பிளவையின்மேல் வைத்துக் கட்டியதும் இருக்கிறது. ஜெபமும் மருந்தும் ஒரே பக்கத்தில் சண்டையில்லாமல் இருக்கின்றன. என்னைப் பிடித்துக்கொண்டது இவை இரண்டுமல்ல. வீட்டை ஒழுங்குபடுத்து என்ற அந்தக் கட்டளைதான். சாகப்போகிறவனுக்குச் சொர்க்கத்தைப் பற்றிச் சொல்லாமல் வீட்டுக் காரியத்தைச் சொல்லி அனுப்புகிறார் கடவுள்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். பென்ஷன் புத்தக எண், குடும்ப பென்ஷனுக்கு எங்கே போய் யாரைக் கேட்க வேண்டும், வங்கிக் கணக்குகளில் யார் பெயர் வாரிசாக இருக்கிறது, கேஸ் இணைப்பு யார் பெயரில், வீட்டு வரி ரசீது எந்தப் பெட்டியில் என்று எல்லாவற்றையும் எழுதினேன். மோட்டார் பம்ப் மக்கர் செய்தால் எந்த வால்வை முதலில் திருப்ப வேண்டும் என்பதற்குப் படம் போட்டேன். என் மனைவி முதலில் அந்த நோட்டைத் தொடவே மாட்டேன் என்றாள். இப்போது அவளே சந்தேகம் கேட்டு ஓரத்தில் எழுதி வைக்கிறாள்.

வீட்டை ஒழுங்குபடுத்துவதில் நான் தவறியது ஒரு விஷயத்தில். அதை வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வாசகர்கள் கவனிக்க வேண்டும். எங்கள் மகன் துபாயில் இருக்கிறான். அவனுக்கு மூன்று வாரம் சொல்லவில்லை. புது வேலை, குழந்தைக்கு எட்டு மாதம், எதற்கு அவனைக் கலவரப்படுத்த வேண்டும் என்று நானும் மனைவியும் பேசி வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் பேசும்போது, "அப்பாவுக்கு வயிற்றில் கொஞ்சம் கோளாறு, டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார்" என்றாள் அவள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். சபையில் பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தியவன் நான்.

நாலாவது வெள்ளிக்கிழமை நானே சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, நான் என்ன விருந்தாளியா? வீட்டுக் கஷ்டத்தை மறைத்து வைத்து உபசரிக்க?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மறுவாரமே பத்து நாள் லீவு போட்டு வந்துவிட்டான். கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் தம் வேதனையை மூன்று சீஷர்களிடம் ஒளிக்கவில்லை. கூட இருந்து விழித்திருங்கள் என்று கேட்டார் (மாற்கு 14). அவர்கள் தூங்கிப் போனார்கள், அது வேறு விஷயம். ஆண்டவரே துணை கேட்டிருக்கும்போது நாம் மறைப்பது தைரியம் அல்ல, ஒருவகை கர்வம் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்ததைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். 1998-ல் என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு ஈரலில் புற்றுநோய் வந்தது. அவரும் கிறிஸ்தவர். நான் அப்போது சபையில் மிகுந்த உற்சாகத்தோடு இருந்த காலம். நாலைந்து பேராகப் போய்க் கட்டிலைச் சுற்றி நின்று சத்தமாக ஜெபித்தோம். முடிந்ததும் நான் அவரிடம், விசுவாசம் மட்டும் குறையாமல் இருந்தால் நீங்கள் எழுந்து வேலைக்கு வருவீர்கள் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதை ஜெபம் என்று நினைத்துத் திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன். அவர் காலமான பிறகு அவருடைய மனைவி சொன்னார்: "நீங்க வந்து போன பிறகு, எனக்கு விசுவாசம் பத்தலியோன்னு கேட்டு ராத்திரி பூரா அழுதார்." இருபத்தைந்து வருடத்துக்கு மேலாயிற்று. அந்த அம்மாளை எங்கு பார்த்தாலும் எனக்குத் தலை நிமிராது.

யோபுவின் மூன்று நண்பர்கள் முதலில் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2). வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. எனக்கு அந்த ஏழு நிமிடம்கூடப் பொறுமை இருக்கவில்லை.

இப்போது கட்டிலில் இருப்பவன் நான். வருகிறவர்களில் இரண்டொருவர் அதே வசனத்தை என்னிடம் சொல்கிறார்கள். ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாச ஜெபத்துக்கு வரச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, என்னையே அல்லவா பார்க்கிறேன்! சுகத்துக்காக ஜெபிக்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. யாக்கோபு 5-ஆம் அதிகாரம் மூப்பர்களை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. எங்கள் போதகர் வந்து அப்படியே செய்தார், எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் 2 கொரிந்தியர் 12-ஐயும் கூடவே படிக்க வேண்டும். பவுல் தன் உடலில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை கேட்டார். முள் போகவில்லை, தாங்கும் கிருபை கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொல்ல யாருக்காவது துணிச்சல் உண்டா? நானும் தினமும் கேட்கிறேன். எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் நம் பக்கத்து ஊர்க்காரர் போலவே ஆகிவிட்ட ஒரு அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் களக்காட்டுக்கு அருகே டோனாவூர் இருக்கிறது. அங்கே 1901 முதல் குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்தவர் அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல். பிள்ளைகள் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். 1931 அக்டோபர் 24 அன்று, களக்காட்டில் மருத்துவ உதவிக்காக எடுத்த ஒரு வீட்டைப் பார்வையிடப் போனார். மாலை இருட்டு. கக்கூஸுக்காகத் தவறான இடத்தில் தோண்டிப் போட்டிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தது, முதுகும் பாதிக்கப்பட்டது. (வேலை நடக்கும் இடத்தில் குழியைத் திறந்து போட்டு வேலி கட்டாமல் விடுவதைப் பற்றி ஒரு இன்ஜினியராக எனக்குச் சொல்ல நிறைய உண்டு. அதை விடுகிறேன்.) ஓடியாடிக்கொண்டிருந்தவர் அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே அறையில் படுக்கையில் இருந்தார். 1948-ல் மறுபடி விழுந்தபின் படுக்கையை விட்டு எழவேயில்லை. 1951 ஜனவரி 18 அன்று காலமானார்.

அவருக்கு இருந்தது என்னுடையதைப் போன்ற நோய் அல்ல. ஆனால் அவர் கண்டுபிடித்த ஒன்று எனக்குக் கைவிளக்காக இருக்கிறது. நோயில் கிடந்தபோது அவருக்கு ஆறுதல் சொல்லும் துண்டுப் பிரதிகளும் புத்தகங்களும் வந்தன. அவற்றில் பல மனதைத் தொடவே இல்லையாம். ஏன் என்று யோசித்துப் பார்த்தார். அவை எல்லாம் நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் நோயாளிக்கு எழுதியவை. ஆகவே நோயாளியே நோயாளிக்கு எழுதினால் என்ன என்று கடிதங்கள் எழுத ஆரம்பித்தார். அது 1933-ல் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது. படுக்கையில் இருந்தபடியே ஒரு டஜன் புத்தகங்களுக்கு மேல் எழுதினார். தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டோனாவூரில் அவரைப் புதைத்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டியை வைத்திருக்கிறார்கள். அதில் அம்மாய் என்று மட்டும் பொறித்திருக்கிறது.

நம் திருவிதாங்கூர்ப் பக்கத்திலும் ஒருவர் உண்டு. 1806-ல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே ஐயர். பத்து ஆண்டு உழைத்து, ஈரல் கெட்டு, இனி தாங்காது என்று தெரிந்தபோது பொறுப்பை மயிலாடி வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டு 1816-ல் புறப்பட்டார். கப்பலேறிப் போனவர் எங்கே, எப்படி இறந்தார் என்பதற்குத் தடயமே இல்லை. வாரிசுப் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது மட்டும் தெரியும். இதுவும் ஒருவகையில் வீட்டை ஒழுங்குபடுத்தியதுதான்.

இனி வலியைப் பற்றி. இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

ஜூன் மாதம் வலி அதிகமாயிற்று. அந்த நாட்களில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. கடவுள்மேல் கோபம் என்று இல்லை. வலி மனதில் வேறு எதற்கும் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மார்ஃபின் மாத்திரை தரலாம் என்று டாக்டர் சொன்னபோது நான் மறுத்தேன். போதை மருந்து, பழக்கமாகிவிடும், அதோடு ஆண்டவர் சிலுவையில் பட்டதைவிட இது பெரிதா என்று ஏதேதோ பேசினேன். வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் நர்ஸ் மலையாளத்தில் என்னைக் கேட்டார்: "சார், வேதனை சகிக்குந்நதினு ஆரெங்கிலும் மார்க்கு இடுந்நுண்டோ?" வலியைப் பொறுத்துக்கொள்வதற்கு யாராவது மார்க் போடுகிறார்களா என்று.

வலிக்கு மருந்து தருவது விசுவாசத்துக்கு விரோதம் என்றால், இந்த மருத்துவமே பிறந்திருக்காது. இதைத் தொடங்கி வைத்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் சமூகப் பணியாளராக இருந்தபோது, புற்றுநோயில் இறந்துகொண்டிருந்த போலந்து நாட்டு யூதர் ஒருவருக்குத் துணையாக இருந்தார். அகதியாக வந்து, உறவு என்று யாருமில்லாமல் கிடந்தவர் அவர். 1948-ல் அவர் இறக்கும்போது 500 பவுனை சிசிலி அம்மையார் பிற்காலத்தில் கட்டப்போகும் இல்லத்தில் ஒரு ஜன்னலுக்காக விட்டுச் சென்றார். அந்த அம்மையார் பிறகு மருத்துவம் படித்து டாக்டராகி, 1967-ல் லண்டனில் செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். ஜன்னலுக்குப் பணம் வந்து கட்டடம் எழும்பப் பத்தொன்பது வருடம்! குறித்த நேரத்துக்கு ஒழுங்காக மார்ஃபின் கொடுத்து வலி வருமுன்பே தடுப்பது அவர் வற்புறுத்திய முறை. வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை. மனதிலும், குடும்பத்திலும், ஆத்துமாவிலும் இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். 2005-ல் அவரும் புற்றுநோயில், தாம் தொடங்கிய அதே இல்லத்தில் காலமானார்.

அந்த வழியை நம் கேரளம் சொந்த வழியாக்கிக்கொண்டது. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கினார்கள். டாக்டர் ராஜகோபால் 2003-ல் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பு நம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. 2008-ல் மாநில அரசு இதற்கென்று கொள்கை வகுத்ததால் இன்று உள்ளாட்சி அமைப்புகள் வழியாக நர்ஸ் வீடு தேடி வருகிறார். 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நாடு முழுவதும் மார்ஃபின் கிடைப்பது அரிதாகி, எத்தனையோ பேர் துடித்துச் செத்தார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். தமிழ்நாட்டிலும் வெளிமாநிலங்களிலும் உறவினர் உள்ளவர்கள், அங்கே பாலியேட்டிவ் பிரிவு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது. ஆபத்து வந்த பிறகு விசாரிக்க மனது வராது.

நான் நாலு மணிக்கொரு தரம் மாத்திரை எடுக்க ஆரம்பித்தேன். மலச்சிக்கல் வரும் என்று அதற்கும் சேர்த்தே மருந்து கொடுத்தார்கள். மூன்றாவது நாள் காலையில் வலியில்லாமல் விழித்தேன். வேப்பமரத்தில் குயில் கூவிற்று. எத்தனை வாரமாகக் கூவிக்கொண்டிருந்ததோ! அன்று ஜெபம் வந்தது.

கடைசியாக, விசுவாசத்தைப் பகிர்வது பற்றி. நோயாளி என்றால் பிறருக்கு அவன்மேல் ஒரு இரக்கம் இருக்கிறது. என்ன சொன்னாலும் மறுக்காமல் கேட்பார்கள். அதைப் பயன்படுத்திக்கொண்டு மதம் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. நோயாளியிடம் போய் அவனுடைய பலவீன நேரத்தில் பேசுவது அதைவிட மோசம். 1 பேதுரு 3-ல் சொல்லியிருப்பது, உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் பயபக்தியோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்ற கருத்து. கேட்கிறவர்களுக்கு, என்பதைக் கவனிக்க வேண்டும்.

என்னிடம் கேட்டவர் ஒருவர்தான். என் கீழ் கேங்கில் மேட்டாக இருந்தவர், தென்காசிப் பக்கத்துக்காரர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை இன்றைக்கும் சார் என்பார். புதன்கிழமைதோறும் வருவார். வந்தால் தேங்காய் எண்ணெய் எடுத்து என் காலைத் தடவிவிட்டு, தண்டவாளம், மழை, யார் ரிட்டையர் ஆனார் என்று பேசிவிட்டுப் போவார். ஒருநாள் தயங்கித் தயங்கி, "சார் தப்பா நினைக்கக்கூடாது. உங்களுக்காகப் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைச்சேன். பிரசாதம் கொண்டுவரலே, உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய சாமியிடம் என் பேரைச் சொல்லியிருக்கிறார். நானும் என் ஆண்டவரிடம் அவர் பேரைச் சொல்வதுண்டு என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அன்றுதான் கேட்டார்: "சார், உங்களுக்குப் பயமே இல்லியா?"

இருபது வருடம் முன்பாக இருந்தால் வசனங்களை அடுக்கியிருப்பேன். அன்று உள்ளதைச் சொன்னேன். "பயம் இருக்கு அண்ணாச்சி. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வரும்போது ரொம்ப இருக்கு. அப்போ வீட்டுக்காரியை எழுப்ப மனசு வராது. இயேசு ராத்திரி தோட்டத்துல தனியா இருந்தாரில்லையா, பயந்து வேர்த்து, அவரை நினைச்சுக்குவேன். எனக்கு முன்னாலே இந்தப் பாதையிலே ஒருத்தர் நடந்து பார்த்துட்டுப் போயிருக்கார்னு தோணும். சில நாள் தூக்கம் வரும். சில நாள் வராது. ஆனா தனியா இல்லேன்னு தெரியும்."

அவர் காலைத் தடவுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கீமேன் முதலில் நடந்து பார்த்த பாதையில்தான் வண்டி வரும் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போன புதன்கிழமை போகும்போது வாசலில் நின்றுகொண்டு ஒரு உதவி கேட்டார். அவருடைய மச்சினருக்கும் இதே நோய். கரமனையில் இருக்கிறார், யாரிடமும் பேசுவதில்லை, சாப்பாடும் சரியில்லை. "அடுத்த வாரம் ஆட்டோவில கூட்டிட்டு வரட்டா சார்? வேதமெல்லாம் சொல்ல வேண்டாம். அந்த ராத்திரி ரெண்டு மணி விஷயத்தை மட்டும் அவன்கிட்டச் சொல்லுங்க."

வரச் சொல்லியிருக்கிறேன். அவருக்குக் கைப்பிடி உள்ள நாற்காலிதான் சரிப்படும் என்று மனைவி மாடியிலிருந்து ஒன்றை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். நாளை புதன்கிழமை.